பெர்லினில் வாழும் இஸ்ரேலியர்கள் தங்களுக்குள் எப்படிக் கூடுகிறார்கள்?

மலர்விழி, பெர்லின்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் செல்லும் கீட்டாவில், அதாவது மழலையர் காப்பகத்தில், டெல் அவீவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் மகனும் இருக்கிறான். பிள்ளைகளின் நட்பு மெல்லப் பெற்றோர் வரை வந்து, இப்போது வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கு எங்களை வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள விரும்பி இதை எழுதுகிறேன்.

பெர்லினில் யூதச் சமூகத்துக்கென்று முறைப்படி அமைந்த, பழமையான அமைப்பு இருக்கிறது. வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிகளும் இருக்கின்றன. அவற்றின் வாசலில் எந்நேரமும் போலீஸ் காவல் நிற்பதை இங்கே உள்ள எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அந்த அமைப்போடு எந்தத் தொடர்பும் இல்லை. உறுப்பினராகவும் இல்லை, பண்டிகைக்குக்கூடப் போவதில்லை. அதே சமயம் அவர்கள் தனியாகவும் இல்லை. வாரம் தவறாமல் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள், பூங்காவில் பத்துப் பதினைந்து பேர் எபிரேய மொழியில் பேசிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் இருட்டும் வரை ஓடுகிறார்கள். சங்கம் இல்லை, சந்தா இல்லை, ஆண்டு விழா இல்லை. இருந்தும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்கிறது.

இந்தக் கூட்டம் எதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது? மதமா, மொழியா, வேறு ஏதாவதா? உள்ளூர் யூதர்களிடமிருந்து இவர்கள் விலகி நிற்பது ஏன்? 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலும் அதைத் தொடர்ந்து காசா போரும் தொடங்கிய பிறகு இவர்களது பழக்கவழக்கத்தில் என்ன மாறியிருக்கிறது? அருகிலிருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். செய்திகளில் வரும் அரசியல் வாதங்களை இங்கே தொடர வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

செல்வராஜ் கி., நொய்கோல்ன்:

வணக்கம். இஸ்ரேலியர்கள் பலரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவன், ஒரே கட்டடத்தில் குடியிருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பெர்லினில் எத்தனை இஸ்ரேலியர் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள். இவர்களில் கணிசமானோர் இஸ்ரேலியக் கடவுச்சீட்டைக் காட்டி இங்கே குடியேறியவர்கள் அல்ல. நாஜி ஆட்சிக் காலத்தில் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அதைத் திரும்பப் பெறலாம் என்று ஜெர்மானிய அடிப்படைச் சட்டத்தின் 116ஆவது பிரிவு சொல்கிறது. தாத்தா பாட்டி பெர்லினிலோ பிரெஸ்லாவிலோ பிறந்தவர்கள் என்றால் பேரப்பிள்ளைக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைக்கும். வேறு சிலர் போலந்து, ருமேனியா, ஹங்கேரி வழியாக ஐரோப்பியக் குடியுரிமை வாங்கி வந்தவர்கள். இவர்களெல்லாம் அரசுப் பதிவேட்டில் இஸ்ரேலியர் என்று தெரிய மாட்டார்கள். நீங்கள் சொல்லும் குடும்பமும் காகிதத்தில் ஜெர்மானியர்களாகவே இருக்கக்கூடும்.

வந்த காரணமும் கூடும் விதத்தைத் தீர்மானித்திருக்கிறது. 2011 கோடையில் டெல் அவீவின் ரோத்ஷில்ட் சாலையில் கூடாரம் போட்டு இளைஞர்கள் போராடியது வீட்டு வாடகைக்காக. அதற்குச் சற்று முன் பாலாடைக்கட்டி விலைக்காக ஒரு புறக்கணிப்பு நடந்தது. 2014இல் பெர்லினிலிருந்த ஓர் இஸ்ரேலிய இளைஞர், இங்குள்ள மலிவுவிலைக் கடையில் சாக்லேட் புட்டிங் 19 சென்ட்தான் என்று காட்டும் பில்லைப் படம் பிடித்து முகநூலில் போட்டார். இஸ்ரேலில் அதே வகைப் புட்டிங்குக்கு மில்கி என்று பெயர்; விலையோ மூன்று மடங்குக்கும் மேல். அவர் வெளிப்படையாகவே எல்லோரையும் பெர்லினுக்கு வரச் சொன்னது அங்கே அமைச்சர்கள் பதில் சொல்லும் அளவுக்குப் பெரிய சர்ச்சையானது. வேறு எந்த நகரத்தைச் சொல்லியிருந்தாலும் அது வெறும் விலைவாசிப் பேச்சாகவே போயிருக்கும். நாஜிகளின் தலைநகரமாக இருந்த பெர்லின் என்றதுதான் பலரைச் சுட்டது. ஆக, இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் மதத்தைத் தேடி வரவில்லை. வாடகை, இசை, கலை, மென்பொருள் வேலை, கொஞ்சம் மூச்சுவிடும் இடம் ஆகியவற்றைத் தேடி வந்தவர்கள். அந்த வாடகைதான் இப்போது இங்கேயும் ஏறிவிட்டது. அது தனிக் கதை.

இவர்களைச் சேர்த்து வைப்பது மொழியும் சாப்பாடும் பிள்ளைகளும்தான். முகநூலில் பெர்லின் இஸ்ரேலியர்களுக்கான குழுக்களைப் பார்த்தால் இது விளங்கும். வீடு வாடகைக்கு, எபிரேயம் பேசும் பல் மருத்துவர், ஜெர்மானிய வரிக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள், பழைய தொட்டில் என்று எல்லாமே அங்கே நடக்கும். வெள்ளிக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் நாளைக்கு ஜஹ்னூன் வேண்டுவோர் பெயர் கொடுக்கலாம் என்று எழுதுவார். ஏமனிலிருந்து வந்த யூதர்களின் பலகாரம் அது. மாவை நம் பரோட்டா மாவைப் போல மெல்லியதாக விரித்து, கொழுப்புத் தடவிச் சுருட்டி, மூடிய பாத்திரத்தில் இரவு முழுக்கக் குறைந்த சூட்டில் வேகவிட்டு எடுப்பார்கள். காலையில் அது தேன் நிறத்துக்கு வந்திருக்கும். துருவிய தக்காளி, அவித்த முட்டை, பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்த காரத் துவையல் ஆகியவற்றோடு சனிக்கிழமை முற்பகலில் உண்பது வழக்கம். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெண் இதைச் செய்து விற்பார். சனிக்கிழமை காலையில் வாங்க வந்தவர்கள் படிக்கட்டிலேயே தட்டோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். கீழ்வீட்டு ஜெர்மானிய முதியவர் முதலில் சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதினார். பின்னர் அவரும் ஒரு தட்டு வாங்கத் தொடங்கினார்.

அச்சிலும் முயற்சிகள் உண்டு. 2012இல் தால் அலோன் என்ற பத்திரிகையாளர் 'ஷ்பிட்ஸ்' என்ற எபிரேய இதழை இங்கே தொடங்கினார். வாசிப்புக் கூட்டங்கள், கவிதை இரவுகள், பிள்ளைகளுக்கு எபிரேயக் கதை சொல்லும் வாராந்தரக் கூடுகைகள் எல்லாம் அவ்வப்போது முளைக்கின்றன. ஒருவர் ஊர் திரும்பினால் ஒன்று நின்றுவிடும், வேறொருவர் வந்து வேறொன்றைத் தொடங்குவார். நிரந்தரமான சங்கம் உங்கள் கண்ணில் படாததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. தங்களை இங்கே நிரந்தரவாசிகள் என்று ஒப்புக்கொள்ளாத மக்கள் சங்கத்துக்கு விதிமுறை எழுத மாட்டார்கள்.

இனி உள்ளூர் யூத அமைப்பு. போருக்குப் பின் மிகச் சிறியதாகச் சுருங்கியிருந்த ஜெர்மானிய யூதச் சமூகத்துக்கு 1990களில் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களே மீண்டும் ஆள்பலம் கொடுத்தார்கள். ஆகவே அமைப்பின் கூடங்களில் ஜெர்மனுக்கு இணையாக ரஷ்ய மொழி கேட்கும். எபிரேயம் பேசும் முப்பது வயதுக்காரருக்கு அங்கே பேச்சுத்துணை குறைவு. மேலும், இஸ்ரேலில் பிறந்தவருக்கு யூதராக இருப்பதற்கென்று தனியே ஒரு கட்டடத்துக்குப் போக வேண்டிய தேவை இருந்ததில்லை. பள்ளி விடுமுறை, கடை அடைப்பு, நாள்காட்டி எல்லாமே அங்கே தாமாகவே யூத மரபில்தான் நடக்கும். சிறுபான்மையாக வாழப் பழகிய உள்ளூர் யூதருக்கோ அந்தக் கட்டடம்தான் எல்லாம். இரு தரப்புக்கும் இடையே பகை கிடையாது; பழக்கம்தான் வேறு.

இதில் வரி விவகாரமும் உண்டு. முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கேள்வி வரும். ஜெர்மனியில் சமய அமைப்புகள் உறுப்பினரிடம் வரி வசூலிக்கலாம் என்பதால், அந்தக் கட்டத்தில் எழுதுவது பணம் சம்பந்தப்பட்டது. பிராங்க்பர்ட்டில் பிரான்சிலிருந்து குடிவந்த யூதத் தம்பதி ஒருவர் அதில் தங்கள் மதத்தை எழுதியதால் உள்ளூர் அமைப்பின் உறுப்பினராகக் கருதப்பட்டு, அந்த வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. புதிதாக வரும் இஸ்ரேலியருக்கு முகநூல் குழுவில் கிடைக்கும் முதல் அறிவுரையே அந்தக் கட்டத்தை யோசித்து நிரப்பு என்பதுதான்.

விதிவிலக்கும் உண்டு. குரோய்ஸ்பெர்க்கில் கால்வாய்க் கரையிலுள்ள ஃபிரங்கெலூஃபர் வழிபாட்டுக் கூடத்துக்கு இளம் இஸ்ரேலியர் நிறையப் பேர் போகிறார்கள். வழிபாட்டுக்கு இணையாக, அதற்குப் பிறகு நடக்கும் உணவும் பேச்சும் அங்கே ஆட்களை இழுக்கின்றன.

இளங்கோ மு.:

செல்வராஜ் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி சரி. ஆனால் அவர் வரைந்தது நொய்கோல்னில் வாழும் மதச்சார்பற்ற இளைஞர்களின் சித்திரம். அதை இந்நகரத்து இஸ்ரேலியர் அனைவருக்கும் பொருத்திவிடக் கூடாது.

சோவியத் நாட்டிலிருந்து இஸ்ரேலுக்குப் போய், அங்கே வளர்ந்து, பின் இங்கே வந்தவர்கள் இருக்கிறார்கள். எபிரேயக் கூட்டத்திலும் இருப்பார்கள், ரஷ்ய மொழிக் கூட்டத்திலும் இருப்பார்கள். இரண்டிலும் முழுதாக இருக்க மாட்டார்கள். நிறுவனம் அனுப்பி வந்த பொறியாளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குக் கவிதை இரவுகளில் நாட்டமில்லை. பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எப்போது திரும்புவது என்பதே பேச்சு. சார்லட்டன்பர்க், வில்மர்ஸ்டார்ஃப் பக்கம் இத்தகையோர் பலர் உண்டு. கபாத் என்ற யூத மத இயக்கம் நடத்தும் பண்டிகை விருந்துகளில் இவர்களைப் பார்க்கலாம்.

எல்லோரும் மறந்துவிடுகிற இன்னொரு பிரிவினர், இஸ்ரேலியக் குடியுரிமை பெற்ற பாலஸ்தீனியர்கள். ஹைஃபாவிலிருந்தும் நாசரேத்திலிருந்தும் மருத்துவம் படிக்க ஜெர்மனிக்கு வருவது அவர்களிடையே நெடுங்கால வழக்கம். கடவுச்சீட்டில் இஸ்ரேலியர், வீட்டில் பேசுவது அரபு, பள்ளியில் கற்றது எபிரேயமும். டெல் அவீவில் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாத இருவர் பெர்லினில் பக்கத்து மேசையில் அமர்ந்து எபிரேயத்தில் வாடகையைப் பற்றிப் புலம்புவதை நான் கேட்டிருக்கிறேன். பிரென்ஸ்லாவர் பெர்க்கில் ஓஸ் பென் டேவிட் என்ற இஸ்ரேலியரும் ஜலீல் தாபித் என்ற பாலஸ்தீனியரும் 2015இல் சேர்ந்து தொடங்கிய கனான் உணவகம் இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. மாக்சிம் கோர்கி நாடக அரங்கில் யாயேல் ரோனென் இயக்கிய நாடகம் ஒன்றில் இஸ்ரேலியர், பாலஸ்தீனியர், சிரியர் அனைவரும் ஒரே ஜெர்மன் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கற்பனை அதிகம் தேவைப்படாத காட்சி அது.

மலர்விழி அவர்களின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஸோன்னன்அல்லே என்ற தெரு அரபுக் கடைகளால் நிறைந்தது. நல்ல தஹினி என்ற எள் விழுதும் ஸாதர் என்ற மூலிகைப் பொடியும் புதிதாய்ச் சுட்ட ரொட்டியும் அங்கேதான் கிடைக்கும் என்பதால் இஸ்ரேலியர்கள் நெடுநாளாக அங்கே போய் வந்தார்கள். கடைக்காரர்களுக்கும் அது தெரியும். 2023 அக்டோபருக்குப் பின் அங்கே எபிரேயத்தில் தொலைபேசியில் பேசுவதைப் பலர் நிறுத்திவிட்டார்கள். பேருந்தில் பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள், அல்லது ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அந்த மாதமே புரூன்னன் தெருவிலுள்ள யூதக் கூடம் ஒன்றின் மீது எரிகுண்டு வீச்சு முயற்சி நடந்தது. 2024 கோடையில் கனான் உணவகத்துக்குள்ளும் யாரோ புகுந்து அடித்து நொறுக்கினார்கள். மறுபுறம், அதே தெருவில் வாழும் பாலஸ்தீனியர்கள் காசாவில் தம் உறவினரை இழந்துகொண்டிருந்தார்கள். அவர்களது துக்கமும் அச்சமும் குறைந்தவை அல்ல. இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் முறிந்த நட்புகள் எனக்குத் தெரிந்தே சில உண்டு.

இஸ்ரேலியர்களுக்குள்ளேயும் பிளவு வந்தது. 2023 மார்ச்சில் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு பெர்லினுக்கு வந்தபோது, அவரது அரசின் நீதித்துறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து பிராண்டன்பர்க் வாயிலருகே இங்குள்ள இஸ்ரேலியர்கள் கொடியோடு திரண்டார்கள். அன்று ஒன்றாக நின்றவர்களில் ஒரு பகுதியினர் பிறகு பணயக்கைதிகளுக்கான கூட்டங்களுக்கு மட்டுமே போனார்கள். வேறு சிலர் போரை நிறுத்தச் சொல்லும் கூட்டங்களுக்கும் போனார்கள். இரண்டு கூட்டத்துக்கும் போனவர்களை இரு தரப்பும் சந்தேகமாகப் பார்த்தது. வாட்சாப் குழுக்கள் இரண்டாகப் பிரிந்தன. சில குழுக்களில் அரசியல் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள்; அங்கே தொட்டிலும் பல் மருத்துவரும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஆதிரை (முன்பு ரெஹோவோத்):

நான் பெர்லினில் இருந்ததில்லை. ரெஹோவோத்திலுள்ள வைஸ்மன் நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு செய்தேன். நம் நாட்டு ஆய்வாளர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே நட்பு வட்டம் என்பது பள்ளி, இளைஞர் இயக்கம், இராணுவம் என்ற வரிசையில் பதினெட்டு இருபது வயதுக்குள் உருவாகிவிடுகிறது. பெரும்பாலான யூத இளைஞர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவை உண்டு. அங்கே கிடைத்த நண்பர்கள் ஆயுள் முழுக்கத் தொடர்வார்கள். முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வருவது, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தாமே எடுத்துக்கொள்வது, சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேட்பது எல்லாம் அன்பின் அடையாளங்கள். இத்தகையவர் மூன்று வாரம் முன்பே நாள் குறித்துக் காபி குடிக்கும் ஜெர்மானிய நகரத்துக்கு வந்தால், தம்மைப் போன்றவரைத் தேடிப் போகாமல் என்ன செய்வார்? படிக்கட்டில் தட்டோடு உட்கார்ந்தவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் விடுதியின் படிக்கட்டும் அப்படித்தான் இருந்தது.

நாட்டை விட்டுப் போனவர்கள் மீது அங்கே நெடுங்காலம் ஓர் இளக்காரம் இருந்தது. 1976இல் பிரதமர் இட்சாக் ராபின் அவர்களை வலுவற்றவர்களின் உதிரிகள் என்ற பொருளில் தொலைக்காட்சிப் பேட்டியில் கடுமையாகப் பேசினார். இன்று அந்த வேகம் குறைந்துவிட்டது. ஆய்வுக்காகவோ நிறுவன வேலைக்காகவோ போகிறேன் என்றால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ஆனாலும் திரும்பி வரும் நாளைச் சொல்லாமல் போவது சங்கடம்தான். என் ஆய்வகத் தோழி ஒருத்தி குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது இரண்டு ஆண்டு என்றாள். இப்போதும் தொலைபேசியில் கேட்டால் இன்னும் இரண்டு ஆண்டு என்றே சொல்கிறாள். 2024இல் மட்டும் 82,000க்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு நீண்டகாலம் வெளியேறியதாக இஸ்ரேலின் மத்தியப் புள்ளிவிவரப் பணியகம் கணக்கிட்டது. திரும்பி வந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே பெர்லினின் இந்த வட்டங்கள் இனியும் பெருகவே செய்யும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இஸ்ரேலியர் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க முடியாது; தூதரக ஊழியர் போன்ற சிலருக்கே அந்த வசதி உண்டு. நான்கு மணி நேர விமானப் பயணத்தில் ஊர் இருப்பதால், தேர்தல் நாளுக்கென்று பயணச்சீட்டு எடுத்துக் கூட்டமாகப் போய் வருகிறார்கள். பாஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கும் அப்படியே. போக முடியாதவர்கள் இருபது முப்பது பேராகச் சேர்ந்து ஒரே வீட்டில் அந்த இரவு விருந்தை நடத்துவார்கள்; மேசைகள் ஒன்றுக்கொன்று உயரம் பொருந்தாமல் வரவேற்பறையிலிருந்து நடைவழி வரை நீளும்.

அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கண்டால் திகைக்க வேண்டாம். பலரது கைப்பேசியில் ஏவுகணை எச்சரிக்கைச் செயலி இருக்கும். பெற்றோர் வாழும் ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். அங்கே அபாயச் சங்கு ஒலிக்கும் நொடியில் இங்கே சாப்பாட்டு மேசையில் கைப்பேசி அலறும். பேச்சு நிற்கும். அம்மா பாதுகாப்பு அறைக்குப் போய்விட்டேன் என்று செய்தி அனுப்பும் வரை யாரும் கரண்டியை எடுக்க மாட்டார்கள். பிறகு ஒருவர் ஏதோ கேலி பேசுவார், சாப்பாடு தொடரும். 2025 ஜூனில் ஈரானோடு மோதல் நடந்து வான்வழி மூடப்பட்டிருந்த நாட்களில், போக வேண்டியவர்கள் போக முடியாமலும், பார்க்க வந்த தாய் தந்தையர் திரும்ப முடியாமலும் இந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டைத் தோழி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மலர்விழி, பெர்லின்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூங்காவில் பார்த்ததற்கெல்லாம் இப்போது பொருள் விளங்குகிறது. இரண்டு சிறிய ஐயங்கள் மட்டும். விருந்துக்கு நெய்யில் செய்த மைசூர்பாகு கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். அதில் தவறு உண்டா? போரைப் பற்றி நாங்களாகப் பேச்செடுக்கலாமா?

ஆதிரை (முன்பு ரெஹோவோத்):

மைசூர்பாகைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் வீடு என்றால் இறைச்சி உணவுக்குப் பின் பால் பொருள் சேர்க்க மாட்டார்கள். நெய்யும் பால் கணக்கில்தான் வரும். மிகக் கண்டிப்பானவர்கள் வேறு வீட்டில் சமைத்த எதையும் உண்பதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர்கள் அந்த வகையினராகத் தெரியவில்லை. மதப்பற்று இல்லாத குடும்பங்களும் வெள்ளிக்கிழமை இரவில் மெழுகுவர்த்தி ஏற்றி, திராட்சை ரசத்தின் மீது ஆசி சொல்லி, பின்னல் ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்துவிட்டே சாப்பிடத் தொடங்குவதுண்டு. அந்தச் சில நிமிடங்கள் அமைதியாக இருந்தால் போதும். டெல் அவீவ்காரர்களில் பால்கூடச் சேர்க்காத சைவர்கள் நிறையப் பேர் என்பதையும் மனத்தில் வையுங்கள். எண்ணெயில் செய்த முறுக்கும் கொஞ்சம் எடுத்துப் போனால் எந்த வகை வீடாக இருந்தாலும் கேட்டுக்கொண்டு பரிமாற வசதியாக இருக்கும்.

போரைப் பற்றி நீங்கள் தொடங்க வேண்டியிருக்காது, அவர்களே தொடங்குவார்கள். ஊரில் குடும்பம் நலமா என்று மட்டும் கேளுங்கள். அதற்கு அரை மணி நேரம் பதில் வரும். அதில் அவர்கள் தங்களுக்குள் குரல் உயர்த்தி வாதிட்டுக்கொண்டால் உங்களால் சண்டை வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

செல்வராஜ் கி., நொய்கோல்ன்:

ஆதிரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எட்டு மணி என்று அழைத்திருந்தால் எட்டரைக்குப் போங்கள். எட்டு மணிக்கே போய் நின்றால் அடுப்பில் வேலை முடிந்திருக்காது; உங்களை ஜெர்மானியர் ஆகிவிட்டீர்கள் என்று கேலி செய்வார்கள். மகளை அன்று பிற்பகல் சற்றுத் தூங்க வைத்துக் கூட்டிப் போங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பத்து மணிக்கு முன் படுக்க மாட்டார்கள்.